வருடம் முழுக்க எந்தப் பூவுக்காகக் காத்திருக்கிறீர்கள்?

மாடிப்பூக்காரி
ஜனவரி 18, காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. மொட்டை மாடியில் அறுபது தொட்டி இருக்கும், கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் உண்டு, ஆனால் காலையில் எழுந்ததும் கால் தானாகப் போவது பூத்தொட்டிகள் பக்கம்தான். இன்றைக்கு டிசம்பர் பூ பறித்துக்கொண்டிருந்தபோது, இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் இது முடிந்துவிடுமே என்று மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாசனை கிடையாது, கடையில் யாரும் மதிக்கவும் மாட்டார்கள், இருந்தாலும் என் வருடம் இந்தப் பூவில்தான் ஆரம்பிக்கிறது. கார்த்திகை கடைசியில் பனி விழ ஆரம்பித்ததும் ஊதா முதலில் வரும், அப்புறம் வெள்ளை, கடைசியில் ரோஸ் நிறத்தில் வெள்ளைக் கோடு போட்டது. வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும். அடியில் இருக்கிற புல்லி முள் மாதிரி குத்தும், அதைப் பிடித்து இழுத்தால் விரல்தான் கிழியும். இதழைப் பிடித்து லேசாகத் தூக்கினால் நீளக் குழலோடு அப்படியே கையில் வந்துவிடும். எடையே இருக்காது. ஒரு கிண்ணம் நிறையப் பறித்தாலும் கையில் காற்றை ஏந்தியிருப்பது போல இருக்கும். என் மாமியார் கனகாம்பரத்தை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் ஊதாவை வைத்துக் கட்டுவார், பள்ளிக்கூடம் போகும்போது என் மகள் அதை வைக்காமல் போனதில்லை.

நீங்கள் சொல்லுங்கள். எந்தப் பூவுக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறீர்கள்? அப்புறம், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற தோட்டம் என்று ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். ஊட்டி, லால்பாக்தான் என்று இல்லை, பக்கத்து வீட்டுத் தோட்டமாக இருந்தாலும் சரி.

வைகைக்கரை
ஜனவரி 18, காலை 9:35

அக்கா, மதுரைக்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? மல்லிதான். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி. ஆனால் என் செடிகளின் பூர்வீகம் ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கிற தங்கச்சிமடம். இந்தப் பக்கம் நிறையப் பேர் நாற்றை அங்கிருந்துதான் வாங்குவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று புரிவதில்லை. பொங்கலுக்கு மல்லிகை விலை ஆயிரக்கணக்கில் ஏறும், அந்த நேரத்தில் என் வீட்டுச் செடி மொட்டைக் குச்சியாக நிற்கும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாகக் கவாத்து செய்துவிடுவேன். இலையையும் உருவிவிட்டு, தொழு உரம் போட்டு, தண்ணீரை அளந்து ஊற்றி, இப்போது கணுவுக்குக் கணு இளம்பச்சையில் துளிர் வெடித்துக்கொண்டிருக்கிறது. மாசி கடைசியில் முதல் மொட்டு, பங்குனி சித்திரையில் அள்ள முடியாது. வெயில் ஏற ஏறத்தான் மொட்டு குண்டாகும்.

எனக்குப் பிடித்த நேரம் சாயங்காலம் ஐந்தரை மணி. காலையில் பச்சைச் சாயலோடு இருந்த மொட்டு அதற்குள் சுத்த வெள்ளையாகியிருக்கும், ஆனால் வாசனை இன்னும் வந்திருக்காது. பறித்துச் சரமாகக் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்தால், ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வீடு முழுக்க வாசம் நிறைந்திருக்கும். விரிந்த பூவைப் பறித்து என்ன பிரயோஜனம்? விரியப்போவதைப் பறிக்க வேண்டும்.

மாடிப்பூக்காரி
ஜனவரி 18, காலை 10:02

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் முல்லைக்கொடி ஞாபகம் வந்துவிட்டது. அதற்கும் நவம்பரில் வெட்டியிருக்க வேண்டுமா? நான் தொடவே இல்லை. மல்லிச் செடியில் இலையெல்லாம் வெளிறி மஞ்சளாக இருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை.

வைகைக்கரை
ஜனவரி 18, பகல் 12:20

முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி. மூன்றுக்கும் ஒரே கணக்கு இல்லை. அதனால் உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, பதற வேண்டாம். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றரை அடி உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நரம்பு பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள் என்றால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கலந்து, சாயங்காலத்தில் இலை நனையத் தெளியுங்கள், பதினைந்து நாள் விட்டு இன்னொரு தடவை. அதற்கு முன்னால் தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வேரில் தண்ணீர் தேங்கினாலும் இப்படித்தான் மஞ்சளாகும், அப்போது என்ன தெளித்தாலும் கேட்காது.

தோவாளைக்காரன்
ஜனவரி 19, இரவு 8:44

ஜாதிமல்லி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே அண்ணா! எங்கள் ஊரில் அதுதான் பிச்சி, எங்களுக்கு அதுதான் பூ. மல்லியின் வாசனை கொஞ்சம் அடிக்கும், பிச்சியின் வாசனை கூடவே நடந்து வரும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். மொட்டின் முதுகைப் பாருங்கள், வெள்ளையில் மெல்லிய ரோஸ் சாயல் ஓடும். விரிந்த பிறகு மேலே இருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. பறிக்கிறவருக்கும் கட்டுகிறவருக்கும் மட்டும் தெரிகிற நிறம் அது.

நான் திரும்பத் திரும்பப் போவது தோட்டம் இல்லை, தோவாளைப் பூச்சந்தை. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இருட்டோடு போனால் பிச்சி, அரளி, கேந்தி, துளசி என்று குவியல் குவியலாகக் கிடக்கும், ஓணம் சமயத்தில் கேரளத்து வண்டிகள் வந்து நிற்கும். அங்கே மாணிக்க மாலை கட்டுகிறவர்களின் விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் மடித்து, நடுநடுவே நொச்சி இலையை வைத்துப் பாய் முடைவது போல் முடைவார்கள். நாலு தொட்டியில் பூ வளர்க்கிற எனக்கு அந்தச் சந்தையே ஒரு தோட்டம்தான்.

தாராபுரம் வாத்தியார்
ஜனவரி 20, காலை 6:15

அந்தந்தப் பருவத்துக்கு அந்தந்தப் பூ. மார்கழி முழுக்க எங்கள் வீட்டு வாசலில் பூசணிப்பூ. சாணி உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவில் வைப்போம். இந்த வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, பூவைப் பறித்துவிட்டால் காய் எப்படி வரும் என்று கேட்டது. நல்ல கேள்வி. கொடியடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்பது ஆண்பூ. காம்பு குட்டையாக, இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. கொடியில் ஆண்பூதான் நிறைய வரும். அதில் நாலைந்தை வண்டுக்கு விட்டுவிட்டு மீதியை வாசலுக்குப் பறிக்கலாம், காய் குறையவே குறையாது. மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையே வந்து சரியாக ஆண்பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போனது.

நான் காத்திருக்கிற பூ வேறு. அது வர இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, அப்போது சொல்கிறேன்.

லால்பாக் நடை
ஜனவரி 23, காலை 8:30

நான் பெங்களூரில் இருபது வருடமாக இருக்கிறேன், சொந்த ஊர் திருப்பத்தூர். இங்கே குடியரசு தினத்துக்கு ஒன்று, சுதந்திர தினத்துக்கு ஒன்று என்று லால்பாக்கில் வருடத்துக்கு இரண்டு மலர்க் கண்காட்சி. கண்ணாடி மாளிகைக்குள் பூவாலேயே ஏதாவது உருவம் செய்து வைப்பார்கள், கூட்டம் நெருக்கும். ஒரு தடவை குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம்.

ஆனால் நான் போவது கண்காட்சி இல்லாத நாளில், காலை ஆறு மணிக்கு. ஹைதர் அலி 1760-இல் ஆரம்பித்த தோட்டம், இன்றைக்கு 240 ஏக்கர். அந்த நேரத்தில் தோட்டக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள், ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு. அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் புத்தகத்தில் இல்லாததெல்லாம் வரும். ஒருவர்தான் எனக்குக் காகிதப்பூவின் ரகசியம் சொன்னார்: இலை லேசாகத் துவளும் வரை தண்ணீர் ஊற்றாதே, செடி பயந்து பூக்கும் என்று. வீட்டில் மூன்று வருடமாக இலையாகவே வளர்ந்திருந்த தொட்டி, அந்த மார்ச்சில் இலையே தெரியாமல் பூத்தது.

குன்னூர்ப் பனி
பிப்ரவரி 2, மாலை 4:18

என் அப்பா ஊட்டி தாவரவியல் பூங்காவில் தோட்டக்காரராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அதனால் கண்காட்சியைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லலாம்.

நீங்கள் மே மாதத்தில் வந்து பத்து நிமிடத்தில் கடந்து போகிற பூத்தொட்டி, தை மாசிக் குளிரில் விதைத்தது. உறைபனி விழுகிற மாதம் அது. சாயங்காலம் நாற்றுக்கு மேலே மூடாக்குப் போட்டு, காலையில் பனி உருகியதும் எடுக்க வேண்டும், ஒரு நாள் மறந்தால் நாற்று கருகிவிடும். பேன்சி, டேலியா, சால்வியா, பெட்டூனியா ஒவ்வொன்றும் பூக்க வேறு வேறு நாள் எடுக்கும். எல்லாம் ஒரே வாரத்தில் மலர வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் எண்ணி வெவ்வேறு நாளில் விதைக்க வேண்டும். அப்பா சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பார். கண்காட்சி முடிந்த ஞாயிறு ராத்திரிதான் எங்களோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார்.

1848-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் அமைக்க ஆரம்பித்த பூங்கா, 1896-இல் முதல் மலர்க் கண்காட்சி. நூறாவது கண்காட்சியின் ஞாபகமாக 1995-இல் ரோஜாப் பூங்காவைத் தொடங்கினார்கள், அதற்கு 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு விருது கொடுத்தது. இந்தப் பெருமையெல்லாம் பலகையில் எழுதியிருக்கும். அந்தப் பென்சில் கணக்கு எந்தப் பலகையிலும் இருக்காது.

மே மாதக் கூட்டம் பிடிக்காதவர்கள் செப்டம்பர், அக்டோபரில் வாருங்கள், இரண்டாவது சீசன் என்று சொல்வோம். அப்போதும் பூ இருக்கும், மூச்சு விட இடமும் இருக்கும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி வந்தால் குன்னூர் சிம்ஸ் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். 1874-இல் அமைத்தது, பூவை விட மரங்களுக்காகப் போக வேண்டிய இடம். அங்கே ருத்திராட்ச மரம் இருக்கிறது, அடியில் நீலக் கலரில் பழம் விழுந்து கிடக்கும்.

மாடிப்பூக்காரி
பிப்ரவரி 2, இரவு 9:50

அண்ணா, அப்பாவின் காலண்டரைப் பற்றிப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். போன மே மாதம் நாங்களும் வந்தோம். அந்தப் பேன்சிப் பூக்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம், பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று அப்போது தெரியாது.

ஊட்டியிலிருந்து திரும்பும்போது ஒரு நர்சரியில் ஹைட்ரேஞ்சியா வாங்கி வந்தேன். கால்பந்து அளவில் நீலப்பூ. இப்போதும் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் பூவின் நீலம் போய் ஏதோ வெளிறிய ரோஸாகி, இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. என்ன செய்யலாம்?

குன்னூர்ப் பனி
பிப்ரவரி 3, காலை 7:05

நீலம் போனதற்குக் காரணம் மண். எங்கள் மலை மண் புளிப்பு, அதில் நீலமாகப் பூக்கும். உங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் ரோஸ் ஆகும், அது நோய் இல்லை. ஆனால் கருகுவது வெயிலால். அம்மா, உள்ளதைச் சொல்கிறேன், சித்திரையில் உங்கள் மாடியில் அது நிற்காது. வடக்குப் பார்த்த நிழலில், ஈரம் காயாமல் வைத்துப் பாருங்கள். போய்விட்டால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். மலையில் பிறந்தது மலையைத்தான் தேடும்.

மாடிப்பூக்காரி
ஏப்ரல் 29, காலை 6:40

ஹைட்ரேஞ்சியா போய்விட்டது. மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தேன், வந்து பார்த்தால் குச்சி மட்டும். பச்சை நிழல்வலை கட்டியும் தாங்கவில்லை. குன்னூர் அண்ணா சொன்னதுதான் நடந்தது. மலைச் செடி இனி மாடிக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீலப்பூ பார்க்க வேண்டும் என்றால் ரயில் ஏறி வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அதே மாடியில், அதே வெயிலில் பட்டு ரோஜா பாய் விரித்தது போல் கிடக்கிறது. பத்து மணிக்கு விரிந்து மூன்று மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். அடினியம் ஒரு இலை கூட வாடாமல் பூத்திருக்கிறது. தெருமுனைச் சரக்கொன்றை மரத்தில் பச்சையே தெரியவில்லை, புத்தாண்டன்று பக்கத்து வீட்டு மலையாளிப் பாட்டி விஷுக்கணிக்கு ஒரு கொத்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மல்லி, வைகைக்கரைத் தம்பி சொன்ன மாதிரியே, தினமும் இரண்டு முழம் வருகிறது. அன்னபேதிக்கு நன்றி தம்பி!

தேன்சிட்டு
மே 4, காலை 11:11

புதியவள், கோவையிலிருந்து. எல்லோரும் பறிப்பதைப் பற்றியே எழுதுகிறீர்களே, பூவைச் செடியிலேயே விட்டுவிடக் கூடாதா? என் வீட்டில் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை எதையும் பறிக்கிறதில்லை. இட்லிப்பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வருகிறது, செம்பருத்திக்குத் தேன்சிட்டு வந்து காம்பருகில் ஓட்டை போட்டுக் குடிக்கிறது. போன மாதம் எலுமிச்சைச் செடியில் கூடே கட்டிவிட்டது. கூடைக்குப் போகிற பூவில் இதெல்லாம் கிடைக்குமா?

வைகைக்கரை
மே 4, பகல் 2:30

தேன்சிட்டு கூடு கட்டியது பெரிய பாக்கியம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பூவையும் ஒரே மாதிரி பார்க்க முடியாதே. மல்லியைப் பறிக்காமல் விட்டால் மறுநாள் பழுப்பாகிச் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், மொட்டுப்புழுவுக்கு அது நல்ல மறைவிடம். அதோடு, பூவைச் சூடுவது நம் வீடுகளில் அழகுக்கு மட்டும் இல்லையே. ஆத்தா இருந்தவரை எங்கள் வீட்டில் முதல் சரம் மீனாட்சிக்கு, இரண்டாவது அவருக்கு.

தோவாளைக்காரன்
மே 4, இரவு 9:15

கனகாம்பரத்தில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. பூவைப் பறித்த பிறகு கதிரை மட்டும் செடியிலேயே சில இடங்களில் விட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் முதல் மழைத்துளி பட்ட மாத்திரத்தில் படக் படக்கென்று வெடித்து விதை தெறிக்கும். என் தங்கச்சி மகனுக்கு அது தீபாவளி மாதிரி. ஆடிச் சாரலில் சுவரோரமெல்லாம் தானாக நாற்று முளைத்துவிடும். டெல்லி கனகாம்பரத்தில் இது நடக்காது, அது விதை கட்டாது, குச்சி வைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

தேன்சிட்டு
மே 5, காலை 7:20

சரி, மல்லியை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். செம்பருத்தியை விடமாட்டேன்.

யாழ் முற்றம்
ஜூன் 11, இரவு 7:55

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட வளவில் கிணற்றடி ஓரமாக நித்தியகல்யாணி, தேமா, ஒரு மல்லிகைப் பந்தல். பந்தலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலாக ஓடிவரும், அதில் காலை வைத்துக்கொண்டு பூப் பிடுங்குவதுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த வேலை.

நான் திரும்பவும் திரும்பவும் போகிற தோட்டம் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பேராதனைத் தாவரவியல் பூங்கா. முதல் தடவை பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனது. 1821-இல் தொடங்கின தோட்டம், 147 ஏக்கர், மகாவலி கங்கை மூன்று பக்கமும் சுற்றி ஓடும். பெரிய புல்வெளியில் ஒரு ஜாவா அத்திமரம் குடை மாதிரிக் கிளை பரப்பி நிற்கும், எங்கட வகுப்பு முழுவதும் அதன் கீழே இருந்து சாப்பிட்டோம். பிறகு ஐந்தாம் ஜோர்ஜ், அரசராக வருவதற்கு முன், 1901-இல் நட்ட நாகலிங்க மரம் ஒன்று இருக்கு. உங்கட ஊர்க் கோயில்களிலும் நாகலிங்கப்பூ இருக்கும்தானே. தடித்த அடிமரத்திலேயே நேராகப் பூப்பதை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன். கீழே விழுந்ததை எடுத்து மணந்து பார்த்து, கொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா அதைச் சுவாமிப் படத்துக்கு வைத்துவிட்டா.

போன வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் ஒரு பூவை எடுத்து மணந்து பார்த்தாள்.

மாடிப்பூக்காரி
ஜூலை 6, இரவு 11:48

தூங்கப் போகாமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பிரம்மகமலம் இன்றைக்கு ஆறு பூ!

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு இலை வாங்கி வந்து நட்டது. ஒரு வாரமாக மொட்டு யானைத் தும்பிக்கை மாதிரி கீழே தொங்கி, நேற்று கழுத்தை வளைத்து நிமிர்ந்தது. நிமிர்ந்தால் மறுநாள் விரியும் என்று கீழ்வீட்டு அக்கா சொல்லியிருந்தார். எட்டரைக்கு நுனி லேசாகப் பிரிந்தது, பத்தரைக்கு உள்ளே இருக்கிற நட்சத்திரம் மாதிரியான சூல்முடி தெரிந்தது, பதினொன்றுக்கு இரண்டு கை அகலத்துக்கு வெள்ளையாக நிற்கிறது. தெருவில் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், கீழ்வீட்டு அக்கா சூடம் ஏற்றினார். விடிந்தால் துவண்டுவிடும்.

லால்பாக் நடை
ஜூலை 7, காலை 8:12

வாழ்த்துகள்! ஒரு சின்னத் திருத்தம் மட்டும், அன்போடு: இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி வகை. அசல் பிரம்மகமலம் இமயமலையில் பனிக்கோட்டுக்குக் கிட்டே பூப்பது, உத்தராகண்டின் மாநில மலர். நம் ஊர்களில் இந்தக் கள்ளிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது, நிஷாகந்தி என்றும் சொல்வார்கள்.

மாடிப்பூக்காரி
ஜூலை 7, காலை 9:00

தெரிந்துகொண்டேன், நன்றி. எந்தப் பெயராக இருந்தாலும் நேற்று அந்தப் பதினைந்து பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தாராபுரம் வாத்தியார்
ஜூலை 9, காலை 6:30

ஆடி நெருங்குகிறது. இப்போது சொல்லலாம், நான் காத்திருக்கிற பூ செங்காந்தள். நம் மாநில மலர். சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமை சொல்வார்களே, அதே பூ. எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு என்போம். மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறோம், மருந்துக்குப் போகிறது. பூத்த நாட்களில் காலையில் ஆட்கள் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள்.

மாடிப்பூக்காரி அம்மா, மலைச் செடி போனதற்கு வருத்தப்பட்டீர்களே. இது உங்கள் வெயிலையும் மழையையும் தாங்கும். கிழங்கு இரண்டு அனுப்பட்டுமா? முகவரியைத் தனிச்செய்தியில் கொடுங்கள். ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருக்கும். முளை நுனியில் மட்டும்தான் இருக்கும், அது ஒடிந்தால் கிழங்கு வீண். படுக்கை வாட்டில் வைத்து மூன்று விரல் ஆழத்துக்கு மண் மூடுங்கள், ஏறுவதற்கு ஒரு குச்சி. கிழங்கும் விதையும் கடும் விஷம், தொட்டால் கை கழுவ வேண்டும்.

மாடிப்பூக்காரி
ஜூலை 24, மாலை 6:05

சார், பார்சல் வந்தது. மரத்தூளுக்குள் துணி சுற்றி, மேலே "நுனி ஒடியாமல் பிரிக்கவும்" என்று உங்கள் கையெழுத்து. இரண்டும் முழுசாக வந்து சேர்ந்தன. ஆடியிலேயே நட்டுவிட்டேன்.

மாடிப்பூக்காரி
செப்டம்பர் 3, காலை 7:30

ஒன்று முளைக்கவில்லை. மற்றது நாலடி ஏறியிருக்கிறது. இதை நான் கவனித்ததே இல்லை: பற்றுக்கம்பி என்று தனியாகக் கிடையாது, இலையின் நுனியே சுருண்டு கொக்கியாகி, பக்கத்தில் இருக்கிற முல்லைக்கொடியைப் பிடித்துக்கொண்டது. பிரித்துவிடலாமா?

தாராபுரம் வாத்தியார்
செப்டம்பர் 3, மாலை 5:40

பிரிக்காதீர்கள், இலை கிழியும். முல்லை தாங்கும்.

மாடிப்பூக்காரி
நவம்பர் 8, காலை 6:55

மூன்று நாள் மழைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் மாடிக்குப் போக முடிந்தது. காந்தள் விரிந்திருக்கிறது!

மொட்டாக இருந்தபோது வெறும் பச்சை, தலை குனிந்து. இப்போது ஆறு இதழும் பின்னால் திரும்பி மேலே நிமிர்ந்து, ஓரம் முழுக்க அலை அலையாக, அடி மஞ்சள், நுனி சிவப்பு. நடுவிலிருக்கிற சூல்தண்டு நேராக வராமல் பக்கவாட்டில் வெடுக்கென்று மடங்கி, யாருக்கோ வழி காட்டுவது போல் நீண்டு நிற்கிறது. முந்தாநாள் விரிந்ததாக இருக்க வேண்டும், மழையில் பார்க்கத் தவறிவிட்டேன். பக்கத்தில் இன்னொரு மொட்டு மஞ்சளாக ஆரம்பித்திருக்கிறது, அதை முதல் நாளிலிருந்து பார்க்கப்போகிறேன். பறிக்கப்போவதில்லை, தேன்சிட்டு சந்தோஷப்படலாம்.

யாழ் முற்றம்
நவம்பர் 8, இரவு 8:10

எங்கட ஊரில் இதைக் கார்த்திகைப்பூ என்றுதான் சொல்லுவோம், அந்த மாதத்தில் வேலி வேலியாகப் பூக்கும். படம் இருந்தால் போடுங்கோ அக்கா.

தாராபுரம் வாத்தியார்
நவம்பர் 9, காலை 6:10

மிக்க மகிழ்ச்சி அம்மா. பூ முடிந்ததும் கொடி மஞ்சளாகிக் காயும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். தண்ணீரை நிறுத்திவிட்டு மாசி வரை அப்படியே விடுங்கள். அடியில் பழைய கிழங்கு வற்றிப் புதுக்கிழங்கு உண்டாகியிருக்கும், பெரும்பாலும் கவை மாதிரி இரண்டாகப் பிரிந்து. வைகாசி வரை உலர்ந்த மணலில் போட்டு வைத்து, மறுபடி ஆடியில் நடலாம். காயைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடிப்பூக்காரி
நவம்பர் 9, காலை 7:02

சரி சார். தொட்டியைச் சுவர் மேலே தூக்கி வைத்துவிட்டேன், குழந்தைகளுக்கு எட்டாது. புதுக்கிழங்கு இரண்டாகப் பிரிந்து வந்தால் ஒன்று கோவைக்கு, தேன்சிட்டு முகவரி கொடுங்கள்.

அங்கே நிற்கும்போதே பார்த்தேன், டிசம்பர் பூச் செடியின் நுனியில் முள்முள்ளாகப் புல்லி கட்ட ஆரம்பித்திருக்கிறது. ஊதாதான் முதலில்.